சிறைப்புறம்: ஒட்டுக்கேட்டால் ஊடல் தீருமா?

எங்கள் திருவல்லிக்கேணியில் சித்திரை பிரம்மோற்சவத்தின்போது ஒரு நாள் 'மட்டையடி' நடக்கும். வெளியே சுற்றிவிட்டுத் திரும்பிய பெருமாளை உள்ளே விடாமல் நாச்சியார் தரப்பு கதவைச் சாத்திவிடும். இதன் பெரிய வடிவத்தைப் பங்குனியில் ஸ்ரீரங்கத்தில் பார்க்கலாம். உறையூர் போய்க் கமலவல்லி நாச்சியாருடன் இருந்துவிட்டு வரும் நம்பெருமாள், மோதிரம் தொலைந்துவிட்டது, தேடப் போனேன் என்று சாக்கு சொல்வார். ரங்கநாயகித் தாயார் நம்ப மாட்டார். கதவு மூடும். பூவும் வெண்ணெயும் பறக்கும். கடைசியில் நம்மாழ்வார் நடுவில் வந்து சமாதானம் செய்து வைப்பார். பிரணய கலகம் என்று இதற்குப் பெயர்.

இங்கே பொய் சொன்னதால் சண்டை. ஆனால் நகைச்சுவை நாடகங்களில் பொய் சொல்லித்தான் சண்டையையே தீர்க்கிறார்கள். இது எப்படி நடக்கிறது என்று கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் முதலில் சொல்லும் உதாரணம் ஷேக்ஸ்பியரின் 'மச் அடோ அபௌட் நத்திங்'. 1600இல் அச்சான நாடகம். பெனடிக், பியாட்ரிஸ் இருவரும் பார்த்தாலே வாய்ச்சண்டை. கல்யாணமே வேண்டாம் என்று இருவருமே சபதம் வேறு. நண்பர்கள் ஒரு திட்டம் போடுகிறார்கள். தோட்டத்தில் பெனடிக் ஒளிந்திருப்பது தெரிந்தே, 'பாவம், பியாட்ரிஸ் அவன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள், சொன்னால் கேலி செய்வான் என்று மறைக்கிறாள்' என்று பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பக்கம் பெண்கள் பியாட்ரிஸுக்கும் இதே வேலையைச் செய்கிறார்கள். இருவரும் ஒட்டுக்கேட்கிறார்கள். இருவரும் நம்பிவிடுகிறார்கள்.

ஆனால் இந்த உத்தி நமக்குப் புதிதில்லை. சங்க அகப்பாடல்களின் அடியில் இருக்கும் துறைக்குறிப்புகளைப் புரட்டினால், 'தலைவன் சிறைப்புறத்தானாக' என்று அடிக்கடி வரும். தலைவன் வேலிக்கு அந்தப் பக்கம் மறைவாக நிற்கிறான். தோழி தலைவியிடம் பேசுவதுபோல அவனுக்குக் கேட்கும்படி பேசுகிறாள். ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது, அம்மா காவலை இறுக்கிவிட்டாள் என்கிறாள். சீக்கிரம் கல்யாணத்துக்கு ஏற்பாடு செய் என்பதுதான் செய்தி. நடக்காததைக்கூடத் தோழி சில சமயம் நடந்ததாகச் சொல்வாள். ஒளிந்து கேட்பதற்கு ஓர் இலக்கியம் தனிக் கலைச்சொல்லே வைத்திருக்கிறது என்றால், அது எவ்வளவு பழகிய விஷயமாக இருந்திருக்க வேண்டும்!

சரி, நேரில் சொன்னால் ஏறாதது ஒட்டுக்கேட்டால் மட்டும் ஏன் ஏறுகிறது? எனக்கு மூன்று காரணங்கள் தோன்றுகின்றன.

ஒன்று, ஒளிந்திருப்பவனால் பதில் பேச முடியாது. வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வான். வாயாடிகளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. முதல் தடவையாக முழுசாகக் கேட்கிறார்கள்.

இரண்டு, நமக்காகச் சொல்லப்படாததை நாம் அதிகம் நம்புகிறோம். என் தொழிலில் வாடிக்கையாளர் போனில் சொல்வதைவிட, சர்வர் லாக் ஃபைல் சொல்வதைத்தான் நம்புவோம். லாக் யாரையும் சமாதானப்படுத்த எழுதப்படுவதில்லை என்ற நம்பிக்கை. அந்த லாகையே ஒருத்தர் திருத்தி வைத்தால்? அதுதான் இந்த நாடகம்.

மூன்று, யாரும் தோற்க வேண்டியதில்லை. 'அவளே ஆசைப்படுகிறாள், நான் இரக்கப்படுகிறேன்' என்று அவன் இறங்கி வரலாம். அவளும் அப்படியே.

ஆனால் இதே ஆயுதம் வெட்டவும் செய்யும். அதே நாடகத்தில் டான் ஜான் என்பவன், ஹீரோ என்ற பெண் வேறொருவனோடு இருப்பதுபோல ராத்திரி ஜன்னலில் ஒரு காட்சியை ஜோடித்துக் காட்டுகிறான். அவளை மணக்க இருந்த கிளாடியோ அதை அப்படியே நம்பி, கல்யாண மேடையிலேயே அவளை அவமானப்படுத்துகிறான். உத்தி ஒன்றுதான், விளைவு நேர் எதிர். பெனடிக்கிடம் சொன்ன பொய்யை நம்ப அவனுக்குள் ஏற்கெனவே ஆசை இருந்தது. கிளாடியோவிடம் இருந்ததோ சந்தேகம். பொய் புதிதாக எதையும் நடுவதில்லை, உள்ளே கிடப்பதற்குத் தண்ணீர் ஊற்றுகிறது.

இதை நான் நாடகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எண்பதுகளில் எங்கள் குடும்பம் இங்கே ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தது. நடுவில் ஒரு மரத்தடுப்பு, அவ்வளவுதான் சுவர். ஒரு சமயம் அப்பாவும் அம்மாவும் பல நாள் பேசிக்கொள்ளவில்லை. 'அப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு வெச்சாச்சுன்னு' என்று எல்லாம் என் வழியாகத்தான் போகும். எனக்கு எட்டு வயது இருக்கும். ராத்திரி தூக்கம் வராது.

ஒரு நாள் அப்பா தடுப்புக்கு அந்தப் பக்கம் சவரம் செய்துகொண்டிருந்தபோது, பாட்டி பக்கத்துக் குடித்தன மாமியிடம் சொன்னாள்: 'பாவம்டி, அவன் வர்ற வரைக்கும் இவ ஒரு வாய் சாப்பிடறதில்ல.' மறுநாள் அம்மா காதில் விழும்படி, 'அவளுக்குத் தலைவலி எப்படி இருக்குன்னு ராத்திரி என்கிட்ட கேட்டான்.' அந்த வாரமே வீட்டில் பேச்சு சத்தம் கேட்டது.

ரொம்ப வருஷம் கழித்துப் பாட்டியே என்னிடம் ஒப்புக்கொண்டாள், இரண்டுமே பொய் என்று. நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. 'எனக்கு அப்பவே தெரியும்டா. உங்க பாட்டி குரலை உசத்தினாலே யாருக்கோ சாடைன்னு அர்த்தம்.'

ஷேக்ஸ்பியர் நாடகத்திலும் கடைசியில் குட்டு உடைகிறது. இருவரும் 'எனக்கு உன்மேல் காதலே இல்லை' என்று சாதிக்கிறார்கள். அப்போது ஒருவரைப் பற்றி ஒருவர் ரகசியமாக எழுதி வைத்த கவிதைகளை நண்பர்கள் எடுத்து நீட்டுகிறார்கள். சொன்னது பொய், எழுதியது நிஜம்.

'தெரிஞ்சே ஏன்மா நம்பின?' என்று கேட்டேன்.

'கதவைச் சாத்தினவ நான். நானே எப்படித் திறக்கிறது?' என்றாள். அப்புறம் மெதுவாக, 'உங்க அப்பாவுக்கும் தெரிஞ்சுதான் இருக்கும்' என்றாள்.

அப்பாவிடம் கேட்க வாய்ப்பில்லை. அதற்கு முன்பே போய்விட்டார்.