எண்ணெயைப் பிளக்கும் மண்

இரசாயனத் தாக்கமொன்றை விரைவுபடுத்தி, தான் செலவாகாது எஞ்சும் பொருளை ஊக்கி என்பர். ஊக்கியென்றதும் பிளாற்றினம் போன்ற விலையுயர்ந்த உலோகங்களே பலர் நினைவுக்கு வரும். ஆனால், பெற்றோல் ஆக்கும் தொழிலின் போக்கை மாற்றியது வெறுங் களிமண்ணே.

நிலத்தடி எண்ணெயை வடிக்குங்கால் இயல்பாகக் கிடைக்கும் பெற்றோல் சிறு பங்கே. எஞ்சும் கனத்த எண்ணெயின் நீண்ட மூலக்கூறுகளைப் பிளந்தாலன்றி மோட்டார் வண்டிகளின் தேவைக்கு அது போதாது. முன்னர் வெப்பத்தாலும் அழுத்தத்தாலுமே அவற்றைப் பிளந்தனர். பிரான்சு நாட்டுப் பொறியியலாளர் யூஜீன் ஹூட்றி, 1920களில் நூற்றுக்கணக்கான பொருள்களைச் சோதித்தபின், சிலிக்காவும் அலுமினாவும் சேர்ந்த களிமண்ணைத் தெரிந்துகொண்டார்.

தோண்டியெடுத்த மண் அப்படியே நன்கு உதவாது. பெந்தோனைற்று என்னும் அம்மண், ஏடுகளை அடுக்கிய சுவடி போன்றது. ஏடுகளிடையே சோடியம், கல்சியம் முதலியவற்றின் அயன்கள் தங்கியிருக்கும். மண்ணைக் கந்தக அமிலத்திலிட்டுச் சூடாக்கினால் அவை நீங்கி, அமிலத்தின் ஐதரசன் அயன்கள் அவ்விடங்களைப் பற்றும். பின்னர் ஏட்டின் உள்ளிருக்கும் அலுமினியம், மகனீசியம், இரும்பு ஆகியவற்றிலும் ஒரு பகுதி கரைந்து வெளியேற, நுண்துளைகள் பெருகும். இவ்வாறு பக்குவப்பட்ட ஒரு கிராம் மண்ணின் பரப்பு 200 சதுர மீற்றரையும் கடக்கலாம். அமிலம் மிஞ்சினாலோ ஏடுகள் குலைந்து, வெறுஞ் சிலிக்காவே மிஞ்சும். பிளக்கும் ஆற்றலும் போய்விடும். எவ்விடத்தில் நிறுத்துவது என்பதிலேயே இத்தொழிலின் நுட்பம் அடங்கியுள்ளது.

இன்னோர் இடரும் இருந்தது. எண்ணெய் பிளவுபடுகையில் தோன்றும் கரி, சில நிமிடங்களுக்குள் மண்ணை மூடி அதன் செயலை முடக்கிவிடும். ஹூட்றி மண்ணை எறியவில்லை. காற்றைச் செலுத்திக் கரியை எரித்தார். ஒரு கலத்தில் எண்ணெய் பிளவுபட, அடுத்த கலத்தில் மண் தூய்மையாகும். எரிதலால் எழும் வெப்பமும் வீணாகாது. அவர் திறமை மண்ணைக் கண்டதிலும் இவ்வேற்பாட்டிலேயே மிகுதியாக விளங்குகிறது எனலாம்.

அமெரிக்காவில் 1936இல் போல்ஸ்பரோவிலும், 1937இல் மார்க்கஸ் ஹூக்கிலும் இம்முறை தொழிற்சாலையில் இயங்கத் தொடங்கியது. மார்க்கஸ் ஹூக்கில் நாளொன்றுக்கு 12,000 பீப்பாய் எண்ணெய் பதப்படுத்தப்பட்டது. அதில் ஏறத்தாழப் பாதி உயர்தரப் பெற்றோலாயிற்று. பழைய முறையில் கிடைத்தது காற்பங்களவே.

மண்ணின் ஆட்சி நெடுநாள் நீடிக்கவில்லை. இயற்கை மண்ணிலுள்ள இரும்பு, கந்தகம் செறிந்த எண்ணெயோடு ஒத்துப்போகாது. மண்ணின் தன்மையும் இடத்துக்கிடம் வேறுபடும். ஆகவே 1940களில் செயற்கைச் சிலிக்கா–அலுமினாவும், 1960களில் சியோலைற்று என்னும் படிகங்களும் அதனிடத்தைப் பிடித்தன. எனினும், அமிலத்தில் பக்குவப்பட்ட களிமண் இன்றும் சமையல் எண்ணெயின் நிறம் நீக்கவும், ஆய்வுகூடங்களில் ஊக்கியாகவும் பயன்பட்டு வருகிறது.