தாத்தா கம்ப்யூட்டருக்குப் புது உயிர்!

என்ன குட்டீஸ், உங்கள் வீட்டில் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறதா? காலையில் பட்டனை அமுக்கிவிட்டுப் போய், பல் தேய்த்து, குளித்து, நாலு இட்லியும் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், திரையில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறதா?

அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்!

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தாத்தா கம்ப்யூட்டர் இருந்தது. 2013ல் வாங்கியது. என் மகள் பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருந்தாள். ஒரு சின்ன புரோகிராம் எழுதிப் பார்க்கவே அரை மணி நேரம் ஆகும். புதிதாக முழு செட் வாங்கப் பணம் இல்லை. "இதையே சரி பண்ண முடியாதாப்பா?" என்று கேட்டாள்.

நானும் பெரிய ஆள் மாதிரி உடனே கடைக்கு ஓடினேன். "எட்டு ஜி.பி. ராம் ஒண்ணு கொடுங்க" என்று கேட்டு வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து பொருத்தினால்... பொருந்தவே இல்லை! வாங்கியது டி.டி.ஆர்.4 வகை. எங்கள் கம்ப்யூட்டருக்கு வேண்டியதோ டி.டி.ஆர்.3. கவரைக் கிழித்துவிட்டதால் கடையில் திருப்பி எடுத்துக் கொள்ளவில்லை. தப்பு கடைக்காரர் மீது இல்லை. எதற்கு வேண்டும் என்று நான் சொல்லவே இல்லையே!

நீங்கள் அந்தத் தப்பைச் செய்யக்கூடாது. வாருங்கள், முறையாகப் பார்ப்போம்.

பெட்டிக்குள் யார் யார்?

மேஜைக்குக் கீழே நிற்கும் பெட்டியை எல்லோரும் 'சி.பி.யூ.' என்கிறோம். உண்மையில் சி.பி.யூ. என்பது அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பிராசசர் மட்டும்தான். ஒரு பிஸ்கட் அளவுதான் இருக்கும்! பெட்டிக்குப் பெயர் கேபினட்.

நீங்கள் வீட்டுப்பாடம் செய்வதைக் கற்பனை செய்து பாருங்கள். கணக்குப் போடும் நீங்கள்தான் பிராசசர். புத்தகங்களை விரித்து வைத்திருக்கும் மேஜைதான் ராம். எல்லாப் புத்தகங்களும் அடுக்கி இருக்கும் அலமாரிதான் ஹார்ட் டிஸ்க். இவர்கள் எல்லோரும் இருக்கும் அறைதான் மதர்போர்டு. சாப்பாடு அனுப்பும் சமையலறைதான் எஸ்.எம்.பி.எஸ்.! சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றிக் கொடுப்பது அதன் வேலை.

இப்போது யோசியுங்கள். மேஜை சின்னதாக இருந்தால் என்ன ஆகும்? ஒரு புத்தகத்தை எடுக்க இன்னொன்றை அலமாரியில் வைக்க வேண்டும். அடிக்கடி எழுந்து ஓட வேண்டும். அலமாரி பக்கத்துத் தெருவில் இருந்தால்? நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வீட்டுப்பாடம் முடியாது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றின் நிலை இதுதான்!

முதலில் வைத்தியம் பார்க்கலாம்

காய்ச்சல் வந்தால் டாக்டர் முதலில் என்ன செய்வார்? நாடி பார்ப்பார் அல்லவா? நாமும் பார்ப்போம்.

விண்டோஸ் 10 இருந்தால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று பட்டன்களையும் சேர்த்து அழுத்துங்கள். 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் சி.பி.யூ., மெமரி, டிஸ்க் மூன்றும் எத்தனை சதவீதம் வேலை செய்கின்றன என்று தெரியும். வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்துகொண்டே கவனியுங்கள்.

டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கிறதா? அலமாரிதான் நோயாளி. மெமரி 90க்கு மேலேயே இருக்கிறதா? மேஜை சிறிது. சி.பி.யூ. எப்போதும் 100ஐத் தொடுகிறதா? பிராசசர் களைத்துவிட்டது.

அதிகச் செலவு இல்லாத இரண்டு நோய்களும் உண்டு. ஒன்று தூசி. பிராசசர் மேல் இருக்கும் விசிறியில் தூசி அடைத்தால் சூடு வெளியேறாது. சூடு அதிகமானால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக் கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்னொன்று, தினமும் காலையில் கடிகாரம் தப்பான தேதியைக் காட்டுவது. மதர்போர்டில் பொத்தான் மாதிரி ஒரு 3 வோல்ட் பேட்டரி இருக்கும். அது தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். தேதி தப்பானால் பல இணையதளங்கள் 'பாதுகாப்பு இல்லை' என்று திறக்க மறுக்கும். கம்ப்யூட்டரே கெட்டுவிட்டது என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். ஒரு சின்ன பேட்டரி மாற்றினால் போதும்!

பொன்னான ஒரு கேள்வி

எந்தப் பாகத்தை வாங்கும் முன்பும் ஒரு கேள்வி கேளுங்கள். "நாளைக்கு மதர்போர்டை மாற்றினால், இந்தப் பாகம் கூட வருமா?"

இந்த ஒரு கேள்வி உங்கள் அப்பாவின் பணத்தில் பாதியைக் காப்பாற்றும். எப்படி என்று பார்ப்போம்.

எஸ்.எஸ்.டி. கூட வரும்! ஹார்ட் டிஸ்க்குக்கு உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும். ஒரு சின்னக் கை அங்கும் இங்கும் நகர்ந்து தகவலைத் தேடும். ஒவ்வொரு தேடலுக்கும் சுமார் 10 மில்லி செகண்ட் ஆகும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. அதனால் தேடும் நேரம் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகிவிடும். 'சாட்டா' வகை எஸ்.எஸ்.டி.யைப் பத்து வருடப் பழைய கம்ப்யூட்டரிலும் மாட்டலாம், புதியதிலும் மாட்டலாம். ஆகவே தைரியமாக வாங்கலாம்.

ராம் பெரும்பாலும் கூட வராது. டி.டி.ஆர்.3, 4, 5 மூன்றும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். ஆனால் அடியில் இருக்கும் வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றை இன்னொன்றின் குழியில் மாட்டவே முடியாது. மின்சாரமும் வேறு. டி.டி.ஆர்.3க்கு 1.5 வோல்ட், டி.டி.ஆர்.4க்கு 1.2, டி.டி.ஆர்.5க்கு 1.1. அழுத்திப் பொருத்தப் பார்த்தால் போர்டு உடைந்துவிடும்! பழைய கம்ப்யூட்டருக்கு ராம் வேண்டுமென்றால், தெரிந்த கடையில் சோதித்துப் பார்த்து, ஏற்கெனவே பயன்படுத்திய டி.டி.ஆர்.3 வாங்கினாலே போதும்.

கேபினட், மானிட்டர், கீபோர்டு, மவுஸ் கூட வரும். ஏ.டி.எக்ஸ். என்ற அளவுமுறை 1995ல் வந்தது. ஸ்குரூ ஓட்டைகள் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று அதில் முடிவு செய்துவிட்டார்கள். அதனால்தான் பழைய கேபினட்டில் புது மதர்போர்டு பொருந்துகிறது!

பிராசசர் தனியாக வராது. ஒவ்வொரு மதர்போர்டிலும் அதற்கென்று ஒரு சாக்கெட் உண்டு. 2012ல் வந்த இன்டெல் மூன்றாம் தலைமுறை பிராசசருக்கு 1155 தொடுபுள்ளிகள் கொண்ட சாக்கெட். 2021ல் வந்த பன்னிரண்டாம் தலைமுறைக்கு 1700. புது பிராசசர் வேண்டுமென்றால் போர்டும் மாற வேண்டும். போர்டு மாறினால் பெரும்பாலும் ராமும் மாற வேண்டும். மூன்றும் ஒரே குடும்பம்!

எங்கள் வீட்டுக் கதை

டாஸ்க் மேனேஜரில் பார்த்தபோது எங்கள் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றது. பிராசசர் பாவம், 15 சதவீதம்தான் வேலை செய்துகொண்டிருந்தது. புத்தகம் வரவில்லை என்று சும்மா உட்கார்ந்திருந்தது!

ஆக, ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கினோம். கூடவே பழைய டி.டி.ஆர்.3 ராம் ஒன்று. கம்ப்யூட்டர் அரை நிமிடத்தில் தயாரானது. "அப்பா, இது நம்ம கம்ப்யூட்டர்தானா?" என்று மகள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

ஆனால், அதற்கு முந்தின இரவு செய்த வேலைதான் ரொம்ப முக்கியம். பழைய டிஸ்க்கில் என் அம்மாவின் புகைப்படங்கள் இருந்தன. அம்மா இப்போது இல்லை. அந்தப் படங்களுக்கு வேறு பிரதி கிடையாது. டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் வெளியே மாட்டும் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்தோம். முடிய இரவு ஒரு மணி ஆனது. இரண்டு வாரம் கழித்து அந்தப் பழைய டிஸ்க் ஒரேயடியாக நின்றுபோனது.

பாகம் கெட்டால் கடையில் கிடைக்கும். பாட்டியின் படம் கிடைக்குமா? ஆகவே எதைக் கழற்றும் முன்பும் முதலில் பிரதி எடுங்கள்.

சில வருடம் கழித்து மதர்போர்டே செத்துவிட்டது. அப்போது போர்டு, பிராசசர், ராம் மூன்றையும் சேர்த்து மாற்றினோம். எஸ்.எஸ்.டி., கேபினட், மானிட்டர் எல்லாம் கூடவே வந்தன. அந்தப் பொன்னான கேள்வி எங்களைக் காப்பாற்றியது!

மூன்றையும் மாற்றும்போது

1. முதலில் பிராசசரை முடிவு செய்யுங்கள். அதற்கேற்ற சாக்கெட் உள்ள போர்டு. அந்த போர்டுக்கேற்ற ராம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்! 1700 சாக்கெட் போர்டுகளிலேயே சில டி.டி.ஆர்.4 கேட்கும், சில டி.டி.ஆர்.5 கேட்கும். ஏ.எம்.டி.யில் ஏ.எம்.4 சாக்கெட் என்றால் டி.டி.ஆர்.4. ஏ.எம்.5 என்றால் டி.டி.ஆர்.5.

2. இன்டெல் பிராசசர் பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதில் படம் காட்டும் பகுதி கிடையாது. தனியாக கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும். விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்கிவிட்டு, திரை கறுப்பாக இருக்கிறதே என்று திண்டாடாதீர்கள்!

3. பழைய மானிட்டரின் பின்னால் என்ன குழி இருக்கிறது? நீல நிற வி.ஜி.ஏ.வா, எச்.டி.எம்.ஐ.யா? புது போர்டிலும் அது இருக்கிறதா?

4. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அது கெட்டால் மற்ற பாகங்களையும் சேர்த்துக் கெடுக்கலாம். '80 பிளஸ்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 சதவீதத்தைப் பாகங்களுக்குக் கொடுக்கும் என்று அர்த்தம்.

5. பில் கேளுங்கள். வாரண்டி எத்தனை வருடம் என்று அதில் எழுதி வாங்குங்கள்.

சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போனால் கம்ப்யூட்டர் பாகக் கடைகள் வரிசையாக இருக்கும். பாகங்களின் விலை அடிக்கடி மாறும். 2025 கடைசியில் ராம் விலை மளமளவென்று ஏறியது. செயற்கை நுண்ணறிவு மையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதுதான் காரணம். ஆகவே குறைந்தது மூன்று கடையில் விலை விசாரித்து, எழுதி வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

விண்டோஸ் 10 வைத்திருக்கிறீர்களா?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவை அதன் நிறுவனம் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும் என்பது பொதுவான விதி. 'டி.பி.எம். 2.0' என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பழைய கம்ப்யூட்டர்களில் இவை இருக்காது. அதற்காகத் தூக்கி எறிய வேண்டாம். லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற இலவச லினக்ஸ் வகைகள் இருக்கின்றன. படிப்பு, டைப்பிங், புரோகிராம், இணையம் எல்லாவற்றுக்கும் அவை போதும்.

உஷார்! உஷார்!

பெட்டியைத் திறக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பவர் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். பாகத்தைத் தொடும் முன், பெட்டியின் பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலை மின்சாரம் போய்விடும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் வீட்டில் திறக்கவே கூடாது. ஒயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தேங்கி இருக்கும்.

கழற்றிய பாகங்களைக் குப்பையில் போடாதீர்கள். அவற்றில் ஈயம் போன்ற நச்சுப் பொருட்கள் இருக்கலாம். மின்கழிவு வாங்குபவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

சரி, இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஒரு வேலை. ஒரு நோட்டை எடுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் என்ன பிராசசர், எந்த வகை ராம், எத்தனை ஜி.பி., என்ன போர்டு என்று எழுதுங்கள். அப்பா அம்மாவுடன் உட்கார்ந்து எது கூட வரும், எது வராது என்று டிக் போடுங்கள். அதற்குப் பிறகு கடைக்குப் போங்கள்.

நோட்டோடு போகிற பிள்ளையை எந்தக் கடையிலும் ஏமாற்ற முடியாது. நோட்டு இல்லாமல் போன ஒருவர் வாங்கிய டி.டி.ஆர்.4 ராம், எங்கள் மேஜை டிராயரில் ரொம்ப நாள் சும்மா தூங்கிக்கொண்டிருந்தது!