ஓரி காலத்துக் கல்லறைகள்

கொல்லிமலையில் ஆடி மாதம் சங்க காலத் தலைவன் வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுக்கிறார்கள். காரி என்ற இன்னொரு தலைவனோடு பொருது மடிந்த ஓரிக்கு அவன் காலத்து மக்கள் எப்படிப்பட்ட ஈமச்சின்னம் எடுத்திருப்பார்கள்? மலைக்கு மேற்கே, நொய்யல் கரையிலுள்ள கொடுமணலுக்குப் போனால் ஊகிக்கலாம். 1985 முதல் பேராசிரியர் கா. ராஜன் உள்ளிட்ட தொல்லியலாளர்கள் பல கட்டமாகத் தோண்டிய சங்க கால ஊர் அது. ஊர் ஒருபுறம், இடுகாடு ஒருபுறம்.

இந்த இடுகாட்டில் கல்லறை கட்டக் குழி வெட்டி, நான்கு பலகைக்கற்களை நெட்டுக்குத்தாக நிறுத்துவார்கள். ஒவ்வொரு கல்லின் ஒரு முனை அடுத்த கல்லைத் தாண்டி நீண்டிருக்கும். வெளியிலிருந்து மண் நெருக்க நெருக்க, ஒரு கல் இன்னொன்றின் விளிம்பில் முட்டி நின்றுவிடும். அறை உட்பக்கம் சரியாது. சாந்தும் இல்லை, ஆணியும் இல்லை. மேலே மூடுகல், சுற்றிலும் கல்வட்டம். விஷயம் தெரியாதவர்கள் இதைப் பாண்டவர் கட்டியது, குள்ளர் குடியிருந்தது என்பார்கள். ஆனால் இது குடியிருக்கக் கட்டியதல்ல. பல இடங்களில் முழு உடலைக்கூட வைக்கவில்லை. பிறகு பொறுக்கிய எலும்புகளை மட்டும் மட்பாண்டங்களோடு வைத்தார்கள்.

எனக்கு வியப்பூட்டுவது பலகையில் குடைந்த இடுதுளைதான். மூடிய கல்லறைக்கு எதற்குத் துளை? பிற்பாடு படையலோ உறவினரின் எலும்போ வைக்க என்பது ஒரு விளக்கம். உயிர் வந்துபோக என்பது இன்னொன்று. ரோமாபுரியிலும் இப்படி ஒன்று உண்டு. ஓஸ்தியா துறைமுகத்துக்கு அருகே, இசோலா சாக்ரா இடுகாட்டில், கல்லறைக்குள் சுடுமண் குழாய் பதித்து மேலிருந்து திராட்சை மது ஊற்றினார்கள். கொடுமணலைப் போலவே அங்கும் இடுகாடு ஊருக்கு வெளியேதான்: ஊருக்குள் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்பது கி.மு. 5-ஆம் நூற்றாண்டுப் பன்னிரு பலகைச் சட்டம். அதனால்தான் ஆப்பிய நெடுஞ்சாலையின் இருபுறமும் கல்லறைகள். செத்தவருக்குச் சோறும் தண்ணீரும் வேண்டும் என்ற எண்ணத்தில் இரண்டு நாட்டாரும் ஒன்றுதான்.

பழனிக்கு அருகே பொருந்தலில் அந்தச் சோற்றின் மூலப்பொருளே கிடைத்தது. ஒரு கல்லறைக்குள் நான்கு கால் சாடியில் சுமார் 2 கிலோ நெல். அதே கல்லறையில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பிரிமணையும் இருந்தது. நெல்லைச் சோதித்தபோது வந்த காலம் கி.மு. 490. எழுத்தின் வயதையும் அதோடு சேர்த்து முன்னே தள்ளலாம் என்கிறார்கள் ஒரு தரப்பினர். ஒரு கல்லறைச் சான்றை வைத்து அப்படிச் சொல்ல முடியாது என்கிறது மறுதரப்பு.