பாம்புக்கு விலை போட்டது யார்?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த சங்கச் செயலாளரிடம், "லேத்தைப் பற்றி எழுதட்டுமா, வெல்டிங்கைப் பற்றி எழுதட்டுமா?" என்றேன். "அதைத்தான் தினமும் படிக்கிறோமே, வேற ஏதாச்சும் எழுதுப்பா" என்றார். அதனால்தான் பாம்பைப் பற்றி எழுதுகிறேன். பயந்து பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இந்தப் பாம்புக்கு விஷம் கிடையாது. ஆனால் பணத்தை முழுசாக விழுங்கும்!

விஷயம் எங்கள் விடுதி அறையில் தொடங்கியது. ஒரு நாள் ராத்திரி என் அறைத்தோழன் செல்போனை என் மூக்குக்கு நேராக நீட்டினான். "மச்சி, இந்தப் பாம்பு எவ்வளவு தெரியுமா? அமெரிக்காவுல லட்சக்கணக்குல போகுதாம்டா!" பார்த்தால், வெள்ளையும் மஞ்சளுமாக, சந்தனத்தில் செய்து வைத்தது போல ஒரு பாம்பு. போனில் பழக்கமான யாரோ ஒருவர் அவனிடம், "ஒரு ஜோடி அறுபதாயிரம். முட்டை பொரிச்சதும் குட்டிகளை நாங்களே திருப்பி வாங்கிக்கிறோம்" என்று சொல்லியிருக்கிறார். அவன் அம்மா சீட்டு எடுத்து வைத்திருந்த பணமும் அறுபதாயிரம்தான். அவனுடைய கடைசி செமஸ்டர் கட்டணம், தங்கையின் கல்லூரிச் சேர்க்கை எல்லாமே அதில்தான் நடக்க வேண்டும்.

"அவசரப்படாதடா, ரெண்டு நாள் பொறு" என்று சொல்லிவிட்டுக் கணக்குப் பார்க்க உட்கார்ந்தேன். அந்தக் கணக்கைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

எந்தப் பாம்பு?

அதன் பெயர் பால் பைதான். புற்றில் ஊற்றுகிற பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பயந்தால் பந்து போலச் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொள்ளும், அதனால் வந்த ஆங்கிலப் பெயர். சொந்த ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து அமெரிக்காவுக்கு ஏராளமாக ஏற்றுமதியான மலைப்பாம்பு இது. சாதாரணப் பழுப்பு நிறப் பாம்பு இருபது முப்பது டாலருக்கே கிடைத்து வந்தது.

லட்சாதிபதிப் பாம்பு என்பது நிறம் மாறிய பாம்பு. இதை அங்கே மார்ஃப் என்பார்கள். காட்டில் எப்போதாவது ஒன்று கறுப்பு நிறமியே இல்லாமல் பிறக்கும். அதுதான் அல்பினோ. 1992-ல் பாப் கிளார்க் என்ற அமெரிக்கர், கூண்டிலேயே முதன்முதலாக அல்பினோ பால் பைதான் குட்டிகளை எடுத்தார். ஒரு குட்டியின் விலை 7,500 டாலர்! அன்றைய மதிப்பில் சுமார் இரண்டு லட்சம் ரூபாய். இன்று அதே அல்பினோ சில நூறு டாலருக்குள் கிடைக்கிறது. பாம்பு அதே பாம்பு, நிறமும் அதே நிறம். பிறகு விலை மட்டும் எங்கே போயிற்று?

மெண்டல் தாத்தாவின் பட்டாணி

பத்தாம் வகுப்பில் மெண்டலின் பட்டாணிச் செடியைப் படித்தோமே, நினைவிருக்கிறதா? அல்பினோ என்பது ஒடுங்கு பண்பு. அப்பா, அம்மா இரண்டு பக்கமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் நிறம் வெளியே தெரியும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் குட்டி பார்வைக்குச் சாதாரணமாகவே இருக்கும், ஆனால் மரபணு உள்ளே ஒளிந்திருக்கும். வியாபாரத்தில் இதற்கு ஹெட் என்று பெயர்.

இப்போது நோட்டை எடுங்கள். ஒரு அல்பினோ ஆண், ஐந்து சாதாரணப் பெண். ஒரு பெண் ஒரு தடவைக்குச் சராசரியாக ஆறு முட்டை இடும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 30 குட்டி, எல்லாமே ஹெட். அதில் பாதி பெண் என்றால் 15. அவற்றைச் சுமார் மூன்று வருடம் வளர்த்து, அதே ஆணோடு சேர்த்தால் 15 × 6 = 90 குட்டி. அதில் பாதி, அதாவது 45, அல்பினோ!

எல்லாப் பெண்ணும் ஒவ்வொரு வருடமும் முட்டையிடாது. சில முட்டை கெட்டுப்போகும். சரி, பாதியைக் கழித்துவிடுங்கள். அப்படியும் ஒரு பாம்பு நாலைந்து வருடத்தில் இருபதுக்கு மேல் ஆகிவிட்டது. இது ஒரே ஒருவர் வீட்டுக் கணக்கு. அவரிடம் குட்டி வாங்கிய ஒவ்வொருவரும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள்.

இங்கேதான் முடிச்சு இருக்கிறது. லேத் கம்பெனிக்காரன் நமக்கு லேத்தை விற்றால், அந்த லேத் இன்னொரு லேத்தைப் பெற்றுப் போடாது. பாம்பு விற்பவனோ பாம்போடு சேர்த்துப் பாம்பு செய்யும் தொழிற்சாலையையும் விற்றுவிடுகிறான். இன்றைய வாடிக்கையாளர்தான் மூன்று வருடம் கழித்து அவனுக்குப் போட்டியாளர்.

இன்னொன்றும் உண்டு. மிஷின் தேயும், பத்து வருடத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போகும். இந்தப் பாம்பு இருபது, முப்பது வருடம் சாதாரணமாக வாழும். 2020-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவில், அறுபது வயதைத் தாண்டியதாகக் கணித்த ஒரு பால் பைதான் முட்டையிட்டது! சரக்கு தேய்வதில்லை, கூடிக்கொண்டே போகிறது. விலை இறங்காமல் என்ன செய்யும்?

ஹெட் என்ற நம்பிக்கைச் சரக்கு

இந்தச் சந்தையில் எனக்கு மிகவும் வேடிக்கையாக இருந்தது ஹெட் வியாபாரம்தான். ஹெட்டையும் ஹெட்டையும் சேர்த்தால் நாலில் ஒன்று அல்பினோ. மீதி மூன்றும் பார்வைக்குச் சாதாரணம். அந்த மூன்றில் இரண்டு ஹெட், ஒன்று வெறும் பாம்பு. எது எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் மூன்றையுமே '66 சதவீத ஹெட்' என்று எழுதி விற்பார்கள். வாங்குகிறவர் வாங்குவது பாதி பாம்பு, பாதி விற்றவரின் வாய்ச்சொல். உரித்த சட்டையை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சில மரபணுக்களைச் சோதிக்கும் வசதி இப்போது வந்துவிட்டது. அதற்கு முன்பு, நல்ல பெயர் எடுத்த வளர்ப்பாளரின் ஹெட் ஒரு விலை, முகம் தெரியாதவரின் ஹெட் வேறு விலை. நாணயத்துக்கும் சேர்த்துத்தான் காசு!

பாஸ்டல் என்று இன்னொரு வகை. இதில் ஒரு பக்கத்து மரபணு போதும், நிறம் தெரிந்துவிடும். சாதாரணப் பாம்போடு சேர்த்தாலே முதல் ஈட்டிலேயே பாதிக் குட்டி பாஸ்டல். கேட்கச் சௌகரியமாக இருக்கிறது அல்லவா? ஆனால் சுலபமாகப் பெருகுவது சுலபமாக மலிந்தும் போகும். இன்று வெறும் பாஸ்டலுக்கும் சாதாரணப் பாம்புக்கும் விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது.

அதனால் வளர்ப்பாளர்கள் இரண்டு, மூன்று, நாலு மரபணுவை ஒரே பாம்பில் அடுக்க ஓடுகிறார்கள். இரண்டு ஒடுங்கு பண்புக்கும் ஹெட்டான ஜோடியைச் சேர்த்தால், இரண்டும் தெரியும் குட்டி கிடைக்க வாய்ப்பு 16-ல் ஒன்று. ஆறு முட்டையில் ஒன்றாவது கிடைக்க வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குதான். மற்றவை எல்லாம் யாரும் அதிகம் தேடாத உடன்பிறப்புகள். அவற்றுக்கும்தானே எலி போட வேண்டும்! கூண்டு, சூடு, தீனி, மின்கட்டணம், வருடங்கள் என எதுவும் அந்த லட்ச ரூபாய்ப் படத்தில் தெரிவதில்லை.

பாம்பு படும் பாடும் தெரிவதில்லை. ஸ்பைடர் என்ற மார்ஃப் 1999-ல் கூண்டில் இனப்பெருக்கம் செய்யப்பட்டுப் பெரிய விலைக்குப் போனது. அந்த மரபணு உள்ள பாம்புகளுக்குத் தலை ஆட்டம் இருக்கும், நிலை தடுமாறும். அழகையும் ஆட்டத்தையும் பிரிக்க முடியவில்லை.

அப்படியானால் யாருமே சம்பாதிக்கவில்லையா? சம்பாதித்தார்கள். புது நிறத்தை முதலில் கையில் வைத்திருந்தவர், முதல் இரண்டு மூன்று ஈட்டில் விற்று முடித்தவர், பல வருட உழைப்பில் பெயர் எடுத்தவர். கூடவே கூண்டும் எலியும் விற்றவர். கடைசியில் வந்து சேர்ந்தவருக்குப் பாம்பு மிஞ்சியது.

எங்கள் வீட்டுக் கொட்டகை

இதையெல்லாம் நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி அலை அடித்தபோது என் சித்தப்பாவும் கொட்டகை போட்டார். "குஞ்சு தர்றோம், தீனி தர்றோம், மாசாமாசம் பணம் தர்றோம், வளர்ந்ததை நாங்களே எடுத்துக்கறோம்" என்றார்கள். 2012-ல் அந்தத் தொழில் சரிந்தது. அப்போது நான் ஒன்றாம் வகுப்பு. என்னைவிட உயரமாக நின்ற அந்தப் பறவைகள் தீனிக்காக வேலியைக் கொத்தியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. சித்தி கழற்றிக் கொடுத்த வளையல் திரும்பவில்லை. ஈமுக் கறியைச் சாப்பிட ஆள் எத்தனை பேர் என்று அன்று யாரும் கேட்கவில்லை. கொட்டகை போட ஆள் எத்தனை பேர் என்றுதான் கேட்டார்கள்.

மூன்றாம் நாள் அறைத்தோழனிடம் சொன்னேன்: "ஒரே ஒரு கேள்வி கேளுடா. குட்டியை நீங்க வாங்கி யார்கிட்ட விப்பீங்க?" ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டான். அந்த மனிதர் யோசிக்கவே இல்லை. "உங்களை மாதிரி வளர்க்க ஆசைப்படுற தம்பிங்க எத்தனையோ பேர் இருக்காங்களே!"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"பேப்பர் இருக்குங்களா சார்?" என்று அடுத்துக் கேட்டான். போன் கட். 2022-ல் திருத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, இது போன்ற அயல்நாட்டு உயிரினத்தை வைத்திருப்பவர் அதை முறையாகப் பதிவு செய்ய வேண்டும். 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் பிடிபட்ட செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். பேப்பர் இல்லாத பாம்பை வாங்கினால் பணம் மட்டுமல்ல, நம் டிப்ளமோவும் சேர்ந்து போகும்.

முன்பணமாக அனுப்பிய இரண்டாயிரம் போனது போனதுதான். மீதி ஐம்பத்தெட்டாயிரம் பத்திரம். தங்கை கல்லூரியில் சேர்ந்துவிட்டாள்.

நண்பர்களே! நாளை நாமும் சம்பளம் வாங்குவோம். பாம்போ, பறவையோ, மீனோ, வேறு எதுவோ, "ஜோடி வாங்கு, பெருக்கு, லட்சாதிபதி ஆகு" என்று யாராவது வருவார்கள். அப்போது பாம்பின் நிறத்தைப் பார்க்காதீர்கள். வளர்த்து விற்கும் ஆசை இல்லாமல், வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கென்றே அதை வாங்குகிறவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அவர் தருகிற விலைதான் விலை. மற்றதெல்லாம் கை மாறும் நம்பிக்கை.

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்