வாத்துக்கறி வாடை அடிக்காமல் இருக்க...

வாத்துக்கறி என்றதும் "ஐயே, கவிச்சி!" என்று முகம் சுளிக்கும் சகோதரிகளுக்காகவே இதை எழுதுகிறேன். ஆட்டுக்கறி விற்கிற விலைக்கு, வாராவாரம் வாங்கிச் சாப்பிட நம்மைப் போன்ற குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகுமா? என் கணவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கிறார். ஓ.டி. இல்லாத மாதங்களில் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக்குக் கை கொடுப்பது வாத்துதான்.

திருவள்ளூர் மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று எந்தப் போகம் அறுவடையானாலும், வாத்து மேய்ப்பவர்கள் கூட்டமாக ஓட்டி வந்து வயலோரம் பட்டி போடுவார்கள். சிந்திய நெல், நத்தை, பூச்சி எல்லாவற்றையும் வாத்துகள் பொறுக்கித் தின்னும். எச்சம் நிலத்துக்கு உரம். முட்டைதான் அவர்களுக்கு வருமானம். முட்டை குறைந்துபோன கிழ வாத்துகளைக் கறிக்குக் கொடுத்துவிடுவார்கள். நம் கைக்கு வருவது பெரும்பாலும் அதுதான். 'கறி ரப்பர் மாதிரி இருக்கு' என்ற புகாருக்கும் அதுதான் காரணம்.

"கிழ வாத்துன்னு தள்ளாதே கண்ணு, அடுப்புல நேரம் குடுத்தா தானா வழிக்கு வரும்" என்று பட்டிக்காரப் பாட்டி ஒருவர் என்னிடம் சொன்னார். நூற்றுக்கு நூறு உண்மை!

முதலில் சுத்தம் செய்வது. வாத்து இறகில் எண்ணெய்ப் பசை இருப்பதால் தண்ணீர் ஒட்டாது. அதனால் மேலே வெந்நீர் ஊற்றினால் மட்டும் போதாது. வெந்நீரில் முழுவதுமாக அமுக்கி, கரண்டிக் காம்பால் புரட்டிப் புரட்டி விட்டால்தான் அடிவரை சூடு இறங்கும். மிச்சமுள்ள பொடி மயிரை வைக்கோல் தீயில் வாட்டி, மஞ்சள் தடவிக் கழுவுங்கள். வாலின் மேல்புறம் மஞ்சளாக இரட்டைக் கட்டி இருக்கும். அதுதான் எண்ணெய்ச் சுரப்பி. அதை மறக்காமல் வெட்டி எறிந்துவிட்டால் பாதி வாடை போய்விடும்.

அடுத்தது கொழுப்பு. வாத்துக்குத் தோலுக்கு அடியில்தான் கொழுப்பு அதிகம். ஒரு கிலோ கறிக்கு ஒரு சொட்டு எண்ணெய்கூட வேண்டாம். தோல் பக்கம் கீழே இருக்கும்படி வாணலியில் போட்டு, சின்னத் தீயில் கால் மணி நேரம் வைத்தால் நெய் மாதிரி உருகி வரும். அதை வடித்து, இரண்டு ஸ்பூன் மட்டும் எடுத்து, பட்டை, கிராம்பு, கால் கிலோ சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, தக்காளி வதக்கி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், உப்பு, கறி போட்டுக் குக்கரில் வையுங்கள். இளசு என்றால் 5 விசில் போதும். கிழம் என்றால் விசில் வந்தபின் சின்னத் தீயில் 40 நிமிடம். பிறகு திறந்து, மிளகுத்தூள் தூவிச் சுண்ட வைக்க வேண்டும். கொழுப்பு, இதய நோய் உள்ளவர்களுக்குத் தோலை எடுத்துவிட்டுப் பரிமாறுங்கள்.

பக்கத்து வீட்டு ஆலப்புழை அக்கா, இதே குழம்பில் உருளைக்கிழங்கும் கடைசியில் தேங்காய்ப்பாலும் சேர்ப்பார். குட்டநாட்டுப் பக்கம் ஈஸ்டர், கிறிஸ்துமஸுக்கு வாத்து இல்லாமல் விருந்தே இல்லையாம்.

சில வீடுகளில் காவலுக்கு வளர்க்கும் நீளக் கழுத்துப் பெரிய வாத்தையும் இப்படியே சமைக்கலாம். எடை நான்கைந்து கிலோ இருக்கும், கொழுப்பும் கூடுதல். அதனால் தொடையைத் தனியாக, நெஞ்சுக்கறியைத் தனியாக வேக வைப்பது நல்லது. ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் விருந்தே இந்தப் பெரிய வாத்து வறுவல்தான். உருகிய கொழுப்பையும் வீணாக்காமல் எடுத்து வைத்துச் சமைப்பார்களாம். நாமும் வடித்த கொழுப்பில் உருளைக்கிழங்கு வறுக்கலாமே!

ஒரே ஒரு எச்சரிக்கை. 2014-லும் 2021-லும் ஆலப்புழைப் பக்கம் பறவைக் காய்ச்சல் வந்து, ஆயிரக்கணக்கான வாத்துகளை அழித்தார்கள். விலை மலிவு என்று சோர்ந்து கிடக்கும் வாத்தையோ, செத்ததையோ வாங்காதீர்கள். பச்சைக் கறி வெட்டிய கத்தியாலேயே காய்கறி நறுக்காதீர்கள். உள்ளே சிவப்பு தெரியாமல் நன்றாக வெந்தால் பயமில்லை.

வாத்து வெந்த பாத்திரத்தில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்ற என் மாமியார், இப்போது அறுவடை முடிந்ததும் "பட்டி போட்டுட்டாங்களா பாரும்மா" என்று என்னைக் கேட்கிறார். நேராகப் பட்டியில் போய் வாங்கினால் நமக்கும் சிக்கனம், வெயிலிலும் மழையிலும் வாத்தோடு அலையும் அந்தக் குடும்பங்களுக்கும் கையில் நாலு காசு. அடுத்த ஞாயிறு செய்து பாருங்களேன்!

- ஒரு வாசகி, கும்மிடிப்பூண்டி.