310 மணி நேரக் குரல் யாருக்குச் சொந்தம்?

ஏஐ டேட்டா பற்றிய இந்த வார எபிசோடில் நேரம் பத்தாமல் விட்டுப்போன கதை இது. என்னைக் கேட்டால், பேசினதைவிட இதுதான் முக்கியம்.

நியூசிலாந்தின் வடகோடியில் கைட்டாயா என்று ஒரு சின்ன ஊர். அங்கே தே ஹிகு மீடியா என்ற மாவோரி வானொலி நிலையம், பல வருஷமாகப் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்து சேர்த்து வைத்திருக்கிறது. மாவோரியிலேயே பிறந்து வளர்ந்த தாத்தா பாட்டிகள். பலர் இப்போது உயிரோடு இல்லை. அத்தனையையும் கேட்டுக் கேட்டு எழுத ஆள் ஏது? கம்ப்யூட்டருக்கோ மாவோரி தெரியாது.

அதனால் 2018-ல் ஒரு போட்டி வெச்சாங்க. திரையில் வரும் வாக்கியத்தை வாசித்துப் பதிவு செய்யணும், அவ்வளவுதான். 10 நாளில் 2,500 பேருக்கு மேல் சேர்ந்து 310 மணி நேரம் பேசித் தள்ளிவிட்டார்கள். அதை வைத்து நிலையமே உருவாக்கிய மாடல், மாவோரிப் பேச்சை 92% சரியாக எழுதியது.

உடனே வெளிக் கம்பெனிகளுக்கு ஆசை வந்தது. தே ஹிகு தர மறுத்துவிட்டது. காரணம் பழசு. 1867-ல் வந்த சட்டம் மாவோரிப் பிள்ளைகளின் பள்ளிகளை ஆங்கிலத்துக்கு மாற்றியது. பிறகு பல தலைமுறைகள், வகுப்பில் தாய்மொழி பேசியதற்காக அடி வாங்கின. 1982-ல் தொடங்கிய மழலையர் பள்ளிகள்தான் மொழியைத் திரும்பக் குழந்தைகள் வாயில் வைத்தன. 1987-ல் அது அரசு மொழியானது. அடிச்சுப் பிடுங்கின மொழியை இப்போ ஆப்பாக்கி அவங்களுக்கே விக்கிறதான்னு கோபம். நியாயமான கோபம்தானே?

அந்தப் பதிவுகளுக்குத் தனி உரிமமே எழுதினார்கள். பெயர் கைட்டியாகிடாங்கா, அதாவது காவல் பொறுப்பு. நிலையம் உரிமையாளர் இல்லை, காவலாள்தான். யார் கேட்டாலும், மாவோரி மக்களுக்கு என்ன நன்மை என்று சொல்லியாகணும்.

ஆனால் 2022-ல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட விஸ்பர் மாடலுக்கும் மாவோரி தெரியும். இணையத்தில் கிடந்த பேச்சை வாரி எடுத்துப் பழக்கியது. வாசலைப் பூட்டினால், ஜன்னல் வழியே!

நான் ஓப்பன் சோர்ஸ் ஆள். காமன் வாய்ஸில் தமிழும் இருக்கு. அங்கே தரும் குரலை யாரும் எடுத்துக்கலாம். கோடிக்கணக்கான பேர் பேசும் மொழிக்கு அது பெரிய நஷ்டமில்லை, நானும் தாராளமா வாசிப்பேன். 2018 கணக்கெடுப்பில் நியூசிலாந்தில் மாவோரி பேசியவர்கள் வெறும் 4%. அவங்ககிட்ட போய் 'எல்லாத்தையும் திறந்து விடுங்க'ன்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

பாட்டியோட வாட்ஸ்ஆப் வாய்ஸ் நோட்டெல்லாம் என் போனில் இருக்கு. அதை எங்கேயும் ஏத்த மாட்டேன்.