குத்துச்சண்டையில் குத்தின் வலிமை எங்கிருந்து பிறக்கிறது? ஆய்வுகள் கூறுவது என்ன?

புதுதில்லி: இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் 2025 செப்டம்பரில் நடைபெற்ற உலகக் குத்துச்சண்டை சாம்பியன்ஷிப் போட்டியில், மகளிர் 48 கிலோ பிரிவில் மீனாட்சி ஹூடாவும் 57 கிலோ பிரிவில் ஜாஸ்மின் லம்போரியாவும் இந்தியாவுக்குத் தங்கப் பதக்கம் வென்று தந்தனர்.

எடைப் பிரிவு என்பது குத்துச்சண்டையில் கடுமையான கட்டுப்பாடு. போட்டி நாளில் எடைக் கருவி காட்டும் எண் வரம்பைத் தாண்டினால் களமிறங்க இயலாது. எனவே, உடலைப் பெருக்கி வலிமை சேர்க்கும் வழி இவர்களுக்கு இல்லை. அவ்வாறெனில், ஏறத்தாழ ஒரே எடையுள்ள இருவரில் ஒருவரின் குத்து மட்டும் இடியாக இறங்குவது எதனால்?

கையின் தசைபலமே காரணம் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால், பல ஆண்டுகளாக நடைபெற்றுள்ள ஆய்வுகளின் முடிவு வேறு. குத்தின் பெரும்பகுதி வலிமை காலிலும் உடற்பகுதியிலும் உருவாகிறது. கை அதனை இலக்கில் கொண்டு சேர்க்கும் கடைசிக் கண்ணியாகவே செயல்படுகிறது.

தரையிலிருந்து தொடங்கும் விசை

வலக்கைப் பழக்கமுள்ள வீரர் பொதுவாக இடது காலை முன்வைத்து நிற்பார். வலக்கையால் குத்தும்போது, பின்னால் உள்ள வலது பாதத்தின் முன்பகுதி தரையை அழுத்துகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, தரையும் அதே அளவு விசையை எதிர்த்திசையில் திருப்பித் தருகிறது. குதிகால் வெளிப்புறமாகத் திரும்ப, அந்த விசை முழங்கால், இடுப்பு, உடற்பகுதி, தோள் என வரிசையாக மேலேறுகிறது. இறுதியில் முழங்கை நீண்டு, முஷ்டி இலக்கை அடைகிறது.

இந்த வரிசையே முக்கியமானது. ஒரு பகுதியின் வேகம் உச்சத்தை நெருங்கும்போது அடுத்த பகுதி தன் பங்கைச் சேர்க்க வேண்டும். கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளரின் ஓட்டமும் இடுப்புச் சுழற்சியும் பந்தின் வேகமாக மாறுவதும் இதே முறையில்தான். தோள் முந்திக்கொண்டாலோ, இடுப்பு திரும்பாமல் நின்றாலோ, கீழிருந்து வரும் விசை இடையிலேயே வீணாகிவிடும்.

காலின் பங்கு எவ்வளவு?

சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 120 குத்துச்சண்டை வீரர்களிடம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 1985-ஆம் ஆண்டு வெளியாயின. அதன்படி, உயர்தகுதி பெற்ற வீரர்களின் குத்தில் காலின் பங்கு சுமார் 38 விழுக்காடு. உடற்பகுதிச் சுழற்சியின் பங்கு சுமார் 37 விழுக்காடு. கையின் பங்கு 24 விழுக்காடு மட்டுமே.

தொடக்க நிலை வீரர்களிடம் நிலைமை தலைகீழாக இருந்தது. அவர்களது குத்தில் காலின் பங்கு சுமார் 17 விழுக்காடாகச் சுருங்கியிருந்தது. கையின் பங்கு 38 விழுக்காடாக இருந்தது. அதாவது, அனுபவம் கூடக்கூட வீரர்கள் காலைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கின்றனர். குத்தின் வலிமை பிறவிக் கொடை மட்டுமன்று, பயிற்சியால் வளர்க்கக்கூடியது என்பதற்கு இது வலுவான சான்று.

பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வும் இதனை உறுதிப்படுத்துகிறது. அதில், முன்னணி வீரர்களின் பின்னால் இருக்கும் கை சராசரியாக 4,800 நியூட்டன் விசையை வெளிப்படுத்தியது. இது ஏறக்குறைய 490 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். புதியவர்களின் அதே கை 2,381 நியூட்டன் விசையையே தந்தது. முன்னணி வீரர்கள் முன்னால் இருக்கும் கையால் விட்ட குத்தே 2,847 நியூட்டனாகப் பதிவானது. அவர்களது வலுக்குறைந்த கையின் குத்து, புதியவர்களின் வலிமையான குத்தை விஞ்சியிருந்தது.

தளர்வும் இறுக்கமும்

வலிமைக்கு வேகம் அவசியம். ஆனால், தசைகளைத் தொடர்ந்து இறுக்கமாக வைத்திருந்தால் வேகம் குறையும். கலப்புத் தற்காப்புக் கலை வீரர்களிடம் கனடா ஆய்வாளர்கள் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், தசைகள் இருமுறை உச்சமாக இயங்குவது தெரியவந்தது. அடியைத் தொடங்கும்போது தசைகள் இறுகுகின்றன. இடையில் தளர்ந்து வேகத்துக்கு வழிவிடுகின்றன. இலக்கைத் தொடும் கணத்தில் மீண்டும் இறுகுகின்றன.

இரண்டாவது இறுக்கம் கையையும் உடலையும் ஒரே கட்டையைப் போல் இணைக்கிறது. மணிக்கட்டுக்கு அப்பால் உள்ள கைப்பகுதியின் எடை, உடல் எடையில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆயினும், ஒலிம்பிக் வீரர்களை வைத்து அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2005-இல் வெளியான ஆய்வில், அவர்களது குத்து சராசரியாக 2.9 கிலோ எடையுள்ள பொருள் மோதியதற்கு ஒப்பான விளைவைத் தந்தது. மணிக்கட்டு மடங்கினாலோ முழங்கை தளர்ந்தாலோ இந்த ஆதாயம் கிட்டாது.

சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றின் கணுக்கள் இலக்கில் படுமாறு குத்த வேண்டும் எனப் பயிற்சியாளர்கள் வலியுறுத்துவதற்கும் காரணம் உண்டு. அவ்விரு விரல்களின் எலும்புகள் மணிக்கட்டுடன் உறுதியாக இணைந்தவை. அடி சுண்டுவிரல் பக்கம் விழுந்தால், அங்குள்ள உள்ளங்கை எலும்பு முறியும் வாய்ப்பு அதிகம். மருத்துவத்தில் இக்காயம் 'குத்துச்சண்டை வீரர் எலும்பு முறிவு' என்றே அழைக்கப்படுகிறது.

அடி வாங்குபவருக்கு என்ன நேர்கிறது?

பிற்காலத்தில் உலக ஹெவிவெயிட் சாம்பியனான பிரிட்டன் வீரர் ஃபிராங்க் புருனோவின் குத்தை விஞ்ஞானிகள் அளந்து, 1985-இல் மருத்துவ இதழ் ஒன்றில் முடிவை வெளியிட்டனர். அவரது முஷ்டி நொடிக்கு 8.9 மீட்டர் வேகத்தில் இலக்கைத் தாக்கியது. 6 கிலோ எடையுள்ள, உறையிட்ட மரச் சம்மட்டியால் மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் அடிப்பதற்கு இது சமம் என அவர்கள் கணக்கிட்டனர்.

இத்தகைய அடி தாடையின் பக்கவாட்டில் விழும்போது தலை திடீரெனச் சுழல்கிறது. மண்டையோட்டின் வேகத்துக்கு மூளை ஈடுகொடுக்க முடியாததால், நரம்பிழைகள் இழுபட்டு நினைவிழப்பு ஏற்படுகிறது. வரும் குத்தைக் கண்டுவிட்டவர் கழுத்தை இறுக்கிச் சுழற்சியை ஓரளவு குறைத்துக்கொள்வார். எதிர்பாராத குத்து அதிகம் வீழ்த்துவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

தலைக்கவசம் வெட்டுக்காயங்களைக் குறைக்கும். ஆனால், மண்டையோட்டுக்குள் மூளை அசைவதை அதனால் முற்றிலும் தடுக்க இயலாது. 2016 ரியோ ஒலிம்பிக் போட்டியில் ஆடவர் தலைக்கவசமின்றியே மோதினர். மகளிர் அதனை அணிந்து மோதினர்.

பயிற்சி பெறுவோர் கவனத்துக்கு

ஒலிம்பிக் பாணிப் போட்டிகளில் குத்தின் வலிமைக்கெனத் தனிப் புள்ளி கிடையாது. இலக்கில் தெளிவாக விழும் தரமான குத்துகளின் எண்ணிக்கையையும், நுட்பத்தில் பெறும் மேலாதிக்கத்தையும் நடுவர்கள் கணக்கில் கொள்கின்றனர். எனினும், காலிலிருந்து குத்தக் கற்றவர் சமநிலை இழப்பதில்லை. அடுத்த குத்துக்கும் தற்காப்புக்கும் உடனடியாகத் தயாராக இருப்பார். எனவே, வலிமைக்கான பயிற்சி புள்ளிகளுக்கும் உதவுகிறது.

புதிதாகச் சேரும் இளைஞர்கள் டம்பெல் தூக்கிக் கையைப் பெருக்குவதற்கு முன்பாக, நிற்கும் நிலை, பாதத்தின் திருப்பம், இடுப்புச் சுழற்சி ஆகியவற்றைக் கண்ணாடி முன் மெதுவாகப் பழகுவது பயனளிக்கும். குந்தி எழுதல், மருந்துப்பந்தைச் சுழற்றி எறிதல் போன்ற பயிற்சிகள் காலையும் உடற்பகுதியையும் வலுப்படுத்தும்.

பயிற்சி மோதலில் முழு வலிமையுடன் தலையில் குத்துவதைத் தவிர்ப்பது நல்லது. தலையில் அடிபட்டபின் தலைவலி, தலைச்சுற்றல், வாந்தி, குழப்பம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றைய பயிற்சியை உடனே நிறுத்தி, மருத்துவரை அணுக வேண்டும். அவர் அனுமதிக்கும் வரை களத்துக்குத் திரும்பக் கூடாது.